தனுஷ்கோடியில் தொடங்குங்கள்: பாழடைந்த பழைய பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் போகும் புதியவர்களுக்கு

ஆள் நடமாட்டமில்லாத பழைய பள்ளிக்கூடம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது, யாரிடம் கேட்பது, உள்ளே போனால் எதைப் பார்ப்பது என்று தெரிவதில்லை. நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: முதல் முறையே பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குள் போகாதீர்கள், தனுஷ்கோடிக்குப் போங்கள். அங்கே இடிந்து நிற்கும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை கிடையாது, உடைத்துத் திறக்க வேண்டிய கதவு கிடையாது, மேலே வானம், பக்கத்தில் ஆட்கள். ஒரு கட்டடத்தைக் கண்ணால் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே பழகிய பிறகு உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் பழைய பள்ளிக்கு, அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

தனுஷ்கோடி ஒரு காலத்தில் பரபரப்பான துறைமுக ஊர். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து போட் மெயில் என்ற ரயிலில் வருகிறவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடியும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள். ஆகவே அந்தச் சின்ன மணல்முனையில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம், ரயில்வே குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. வேலைக்காக வந்து தங்கிய குடும்பங்களும், தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த மீனவர்களும் சேர்ந்த ஊர் அது.

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு அடித்த புயலில் எல்லாம் முடிந்துபோனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை எட்டுவதற்கு முன்பே கடலலையில் அடித்துச் செல்லப்பட்டது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இறந்தவர்கள் இன்னும் பல மடங்கு. அதன் பிறகு அரசு, தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டது. இன்று நீங்கள் பார்க்கும் பள்ளிக்கூடச் சுவர்கள் அந்த இரவைத் தாண்டி நிற்பவை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த இடத்தைப் பேய் நகரம் என்று போட்டு, இருட்டில் கத்திக்கொண்டு ஓடும் காணொளிகள் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1964-ல் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு குழந்தைக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூடப் படித்தவர்களையும் வீட்டு ஆட்களையும் அந்த இரவில் இழந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

எப்போது போவது, எப்படிப் போவது

இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 18 கிலோமீட்டர், அதற்கு மேல் இன்னும் கொஞ்ச தூரம் போனால் அரிச்சல்முனை. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அங்கிருந்து வேனில் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. இராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது, ஆட்டோவும் கிடைக்கும். ஆட்டோவில் போவதானால் "அரிச்சல்முனை போய்த் திரும்ப" என்று பேசாதீர்கள், அவர் பத்து நிமிடத்தில் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். இடிந்த கட்டடங்கள் இருக்கும் இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி விலை பேசுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். வெயில் தாங்கும், வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகளையும் பார்க்கக் கிடைக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று பலமாக இருக்கும், மணல் பறந்து முகத்தில் அடிக்கும், கேமராவுக்குள்ளும் புகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். வானிலை எச்சரிக்கை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், போக விடவும் மாட்டார்கள்.

காலை முதல் பேருந்துக்கே கிளம்பிவிடுங்கள். காலைச் சாய்வெயிலில் சுவரின் மேடு பள்ளம் எல்லாம் துலங்கித் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். இருட்டுவதற்கு முன் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், அன்றைய நேரத்தைச் சோதனைச் சாவடியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி. செருப்போடு போகாதீர்கள், மணலுக்குள் துருப்பிடித்த இரும்பும் உடைந்த கண்ணாடியும் மீன் தூண்டில் முள்ளும் கிடக்கும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். இலங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கும் எல்லைக்கடல் பகுதி அது, கடற்படையும் கடலோரக் காவல் படையும் கண்காணிக்கிற இடம். அப்புறம் கடல்: வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். பெண் கடல் அமைதியாகக் கிடக்கும், ஆண் கடல் இரைந்துகொண்டிருக்கும். முனைப் பக்கம் நீரோட்டம் மோசம், குளிக்க இறங்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தின் முன் நின்று என்ன செய்வது

தேவாலயத்தின் முன்னால்தான் கூட்டம் இருக்கும். பள்ளிக்கூடம் எது என்று தெரியாவிட்டால் அங்கே சங்கு, சிப்பி விற்கிறவர்களிடம் கேளுங்கள், காட்டுவார்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே உள்ளே நுழைந்து படம் எடுக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள், சுவரிலிருந்து தள்ளி. எவ்வளவு தள்ளி என்றால், சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். தாங்குவதற்குக் கூரையும் இல்லாமல், குறுக்குச் சுவரும் இல்லாமல் தனியாக நிற்கும் சுவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழலாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது நடந்துகொண்டிருந்த பள்ளி. அறுபது வருடமாக உப்புக்காற்றில் நிற்கும் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சுற்றி வரும்போது சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை பூச்சு உதிர்ந்து கல் மாவாகக் கொட்டியிருக்கும். உப்புப் பூப்பது என்று சொல்வோமே, அதுதான். ஈரம் தரையிலிருந்து சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் உள்ளேயே படிகமாகித் தங்கி, பருத்து, கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. மேலே சுவர் கனமாகவும் கீழே மெலிந்தும் இருந்தால் அது ஆபத்தான சுவர், அதன் நிழலில் உட்காராதீர்கள். எங்காவது இரும்பு தெரிந்தால் அதையும் கவனியுங்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது பருமனாகும், சுற்றியுள்ள கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஜன்னலுக்கு மேல் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து கல். தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களில் பல இடங்களில் பவளப்பாறைக் கற்களைப் பார்க்கலாம், நெருங்கிப் பார்த்தால் துளைத் துளையாக, பூப்போட்டது போலத் தெரியும். மலையோ செங்கல் சூளையோ பக்கத்தில் இல்லாத தீவில், கடலிலிருந்தே கல்லும் சுண்ணாம்பும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டு கீழே கிடக்கிறதே என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பவளம் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு துண்டு எடுத்தால் கொஞ்ச வருடத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது.

பிறகு மணல். நீங்கள் நிற்பது பழைய தரை மட்டமா, அதற்கு மேலே குவிந்த மணலா? கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வாசல் நிலையின் மேல் விளிம்பிலிருந்து இப்போதைய மணல் வரை அளந்து பாருங்கள். வழக்கமாக வாசல் ஆறரை, ஏழு அடி இருக்கும். நான்கு அடிதான் வருகிறது என்றால், உங்கள் காலுக்குக் கீழே மீதி வாசலும் அந்த வகுப்பறையின் தரையும் புதைந்து கிடக்கின்றன. தோண்டாதீர்கள். அளந்த எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் போகும்போது மறுபடி அளந்தால் மணல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

இப்படி ஒரு மணி நேரம் பார்த்த பிறகு உள்ளே போய், ஆபத்தான சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். வகுப்பறை எது, வராந்தா எது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும், கரும்பலகை எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். எழுதுகிற கையின் நிழல் நோட்டில் விழாமலிருக்க, ஜன்னல் பிள்ளைகளின் இடது கைப் பக்கம் வருவது போல அமைப்பது பழைய வழக்கம், அதை வைத்து அவர்கள் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தார்கள் என்று ஊகிக்கலாம். உங்கள் ஊகத்தையும், ஊகம்தான் என்ற குறிப்போடு எழுதி வையுங்கள்.

திரும்பும் முன் அங்கேயே குடிசை போட்டு வாழும் மீனவக் குடும்பங்களிடம் பேசுங்கள். அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்று அங்கே இன்றும் நடக்கிறது. மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் அவர்களுக்குத் தெரியும், அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் பல காலம் வாழ்க்கை நடந்திருக்கிறது. அவர்கள் வீட்டையும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பாழடைந்த இடம் என்று நாம் சொல்வது அவர்களுக்குக் குடியிருக்கும் ஊர்.

இனி உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்

தனுஷ்கோடியில் பழகியாயிற்று, சரி. இப்போது ஊர்ப் பக்கத்தில், ஓட்டுக்கூரையோடு, புதர் மண்டிக் கிடக்கும் பழைய பள்ளி. இது வேறு விதமான வேலை. தலைக்கு மேலே கூரை, காலுக்குக் கீழே தெரியாத தரை, உள்ளே இருட்டு.

அனுமதி முதலில். கைவிட்ட கட்டடம் என்றாலும் அது யாருக்கோ சொந்தம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால், பெரும்பாலும் அதே வளாகத்திலோ பக்கத்திலோ புதிய கட்டடத்தில் பள்ளி நடந்துகொண்டிருக்கும், தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அவர் வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்கச் சொன்னால் அங்கே போங்கள். மிஷன் பள்ளி என்றால் மறைமாவட்ட அலுவலகம் அல்லது பங்குத்தந்தை, தனியார் உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளர். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: நான் இன்னார், இந்த நோக்கம், இத்தனை பேர், இந்தத் தேதி, எதையும் தொடமாட்டோம், எடுக்கும் படங்களின் பிரதியை உங்களுக்குத் தருவோம். இந்தக் கடைசி வரி பல கதவுகளைத் திறக்கும். தங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தைப் பற்றி ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லாத தலைமை ஆசிரியர்கள் நிறைய, கொடுத்தால் உண்மையிலேயே மகிழ்வார்கள்.

அனுமதி இல்லை என்றால் போகாதீர்கள். சுவரேறிக் குதிப்பது அத்துமீறல் வழக்கில் கொண்டுபோய் விடும். அதைவிடவும், ஒருவர் சுவரேறினால் அடுத்து ஒழுங்காகக் கேட்டு வருகிறவருக்கும் கதவு மூடிவிடும். வெளியிலிருந்தே பார்க்கவும் எழுதவும் எவ்வளவோ இருக்கிறது.

தனியாகப் போகவே கூடாது. மூன்று பேர் சரியான எண்ணிக்கை: ஒருவருக்கு ஏதாவது ஆனால் ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் ஓடிப்போய் ஆள் கூப்பிட. வீட்டிலும் தலைமை ஆசிரியரிடமும் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மழை பெய்து ஒரு வாரமாவது ஆன பிறகு போங்கள். நனைந்த சுண்ணாம்புச் சுவரும் மண் சுவரும் கனத்து இளகிப்போய் இருக்கும், மழை விட்டு வெயில் வந்ததும் இடிந்து விழுகிற சுவர்கள் அதிகம்.

பையில்: ஆளுக்கொரு டார்ச், உபரி பேட்டரி, தலைக்கு ஹெல்மெட் (பைக் ஹெல்மெட் வேண்டாம், பார்வையையும் காதையும் மறைக்கும், கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் ஹெல்மெட் நூற்றுச் சொச்ச ரூபாய்க்கே கிடைக்கிறது), முழங்காலுக்குக் கீழே வரும் தடித்த காலணி, முழு பேன்ட், கையுறை, நல்ல முகக்கவசம், ஐந்தடி நீளக் கம்பு, டேப், நோட்டு, பென்சில். கம்புதான் இதில் மிக முக்கியம். அடியெடுத்து வைக்கும் முன் தரையைத் தட்டிப் பார்க்க, புதரை விலக்க, மேலே எதையும் கையால் தொடாமலிருக்க.

உள்ளே எதெல்லாம் ஆளை அடிக்கும்

கூரையிலிருந்து தொடங்குகிறேன். ஓட்டுக்கூரை என்றால் கரையான் அரித்த சட்டங்கள் வெளியே முழுசாகவும் உள்ளே கூடாகவும் இருக்கும். கீழே நின்று தட்டிப் பார்க்காதீர்கள், ஓடு சரிந்து வந்தால் ஒன்றோடு நிற்காது. மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், அதாவது தேக்கு உத்திரங்களுக்கு மேலே செங்கலைச் சாய்வாக நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது என்றால், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். ஈரம் அங்கேதான் முதலில் தங்கும், அழுகலும் அங்கேதான் தொடங்கும். நடுவில் பார்க்க நன்றாக இருந்தாலும் முனை அழுகியிருந்தால் அந்த அறைக்குள் போகாதீர்கள். மாடிக்கும் ஏறாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இடத்தில் அதன் மேல் கால் வைக்காதீர்கள், உடைந்த துண்டுகளைக் கிளறாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

சுவரில் ஆலும் அரசும் முளைத்திருந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேர்தான் சுவரைப் பிளக்கிறது, பிளந்த சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதும் பல சமயம் அதே வேர்தான். ஆகவே அதைப் பிடித்து இழுப்பதோ வெட்டுவதோ நம் வேலை இல்லை.

பாம்பு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இப்படிப்பட்ட இடங்களில் இருக்கக்கூடியவை. சத்தமாகக் கால் வைத்து நடங்கள், குவிந்த ஓட்டுக்குள்ளும் பழைய பெஞ்சுக்கு அடியிலும் கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம் கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிட்டு, 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டு விரியன் கடித்தால் வலியே தெரியாமல்கூட இருக்கும், ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். போவதற்கு முன்பே பக்கத்தில் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பாம்பைவிட எனக்குப் பயம் கதண்டு, அதாவது பெரிய குளவி. கூரை மூலையிலோ மரப்பொந்திலோ கூடு கட்டியிருக்கும், கூட்டமாக வந்து கொட்டும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வாசலில் ஐந்து நிமிடம் சும்மா நின்று, ஏதாவது பறந்து வந்து போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடு தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

வௌவால் எச்சம் குவிந்த அறையில் முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள், காய்ந்த எச்சத்தின் தூசில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். பள்ளி வளாகத்தில் பழைய கிணறு இருக்கும், கைப்பிடிச் சுவர் இடிந்து புல் மூடியிருக்கலாம், அதனால்தான் கம்பு. கிணற்றுக்குள் போன் விழுந்தாலும் இறங்காதீர்கள், நாள்பட்ட கிணற்றில் மூச்சு விட முடியாத காற்று தங்கியிருக்கும். கழிவுநீர்த் தொட்டி மூடிக்கும் இதே விதி. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று நம்பாதீர்கள், தொங்கும் ஒயர் எதையும் தொடாதீர்கள்.

எத்தனை வருடப் பழசு என்று கண்டுபிடிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பள்ளிக்கூடம் தன் வயதைப் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறது.

கல்வெட்டு அல்லது பெயர்ப்பலகை இருந்தால், அதில் எழுதிய எழுத்தைப் பாருங்கள். லை, ளை, னை, ணை போன்றவற்றை யானைத் துதிக்கை போல வளைத்துச் சேர்த்து எழுதியிருந்தால், றா, னா, ணா போன்றவற்றில் தனிக் கால் இல்லாமலிருந்தால், அது பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், பழகிய கை உடனே மாறிவிடாது. ஜில்லா போர்டு என்று இருந்தால் ஊராட்சி ஒன்றியங்கள் வருவதற்கு முன், அதாவது 1960-ஐ ஒட்டிய காலத்துக்கு முந்தையது. சென்னை மாநிலம் என்றோ மதராஸ் என்றோ அரசைக் குறிப்பிட்டிருந்தால் 1969-க்கு முன். வகுப்பு வாசலில் முதல் பாரம், இரண்டாம் பாரம் என்று எழுதியிருந்தால் இன்னும் பழைய முறை, இன்றைய ஆறாம் வகுப்பைத்தான் முதல் பாரம் என்று சொன்னார்கள்.

கீழே விழுந்து கிடக்கும் மங்களூர் ஓட்டைக் கம்பால் புரட்டிப் பாருங்கள் (தேள் இருக்கும்). அடிப்பக்கத்தில் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் ஓடு கிடைத்தால் அதில் 1865 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கட்டடம் 1865-ல் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள் பலர். அது தொழிற்சாலை தொடங்கிய வருடம். ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னால் சுட்டதாக இருக்கலாம், கூரையையும் நடுவில் மாற்றியிருக்கலாம். படம் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

வளாகத்தில் புகைபடிந்த சின்னக் கட்டடம் தனியாக இருந்தால் அது சமையல்கூடம். சத்துணவுத் திட்டம் 1982-ல் தொடங்கியது, அதற்குப் பிறகு சேர்த்த கட்டடமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் காமராசர் காலத்திலேயே, 1950-களின் பிற்பகுதியில் மதிய உணவு வந்துவிட்டது, ஆகவே செங்கல்லையும் பூச்சையும் பார்த்து முடிவு செய்யுங்கள். சுண்ணாம்புப் பூச்சு வெளுத்து, நகத்தால் கீறினால் உதிரும். சிமெண்ட் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியிருந்தால் அது பின்னால் வந்த பழுதுபார்ப்பு, அந்த இடத்தில்தான் சுவர் அதிகமாகப் பொரிந்திருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும்.

மரக்கிளையிலோ வராந்தா உத்திரத்திலோ தண்டவாளத் துண்டு தொங்கினால் அதுதான் மணி. அதை அடித்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். கூரை உறுதியாக இல்லாத இடத்தில் அதிர்வு வேண்டாம்.

சுவரோடு பூசிய கரும்பலகையில் கடைசியாக எழுதியது இன்னும் இருந்தால், தேதியோ வருகைப் பதிவு எண்ணிக்கையோ தெரிந்தால், துடைத்துவிடாமல், தண்ணீர் தெளிக்காமல், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் சுண்ணக்கட்டியின் கோடு எழும்பி வரும்.

பதிவேடுகள் கிடைத்தால்

சில இடங்களில் அலமாரிக்குள் பழைய சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு கிடக்கும். கரையான் பாதி தின்றிருக்கும். அதில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, சாதி, பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள், அது யாருடைய சொந்த விவரமோ. எடுத்துக்கொண்டு வரவும் கூடாது. அன்றே தலைமை ஆசிரியரிடம் அல்லது வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லி, அவர்கள் கையில் சேரும்படி பாருங்கள். பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லாமல் ஓய்வூதியத்துக்கும் சான்றிதழுக்கும் அலையும் முதியவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குப் பள்ளிப் பதிவேட்டின் ஒரு வரி போதும். ஒரு பழைய பள்ளிக்குள் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

படம் எடுக்கும் முறை

அழகான கோணம் தேடி அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தால் வீட்டுக்கு வந்தபின் எது எந்த அறை என்று உங்களுக்கே தெரியாது. முதலில் வெளியே நான்கு பக்கமும். பிறகு ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை நோட்டில் பெரிதாக எழுதி அதையே முதல் படமாக எடுத்துவிட்டு, வாசலில் நின்று இடமிருந்து வலமாக நான்கு சுவர், தரை, கூரை. சின்ன விவரங்களை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தமாக முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலே போதும். காலடி எண்ணித் தோராயமாக ஒரு வரைபடம் போட்டு, வடக்கு எது என்று அம்புக்குறி இடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு அழகுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் நகர்த்தி வைத்துப் படம் எடுக்காதீர்கள். உடைந்த நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துவைத்து, மேலே ஒரு புத்தகத்தைத் திறந்துவைத்து எடுக்கும் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அடுத்து வருகிறவர் அதைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

வந்த பிறகு

ஊரில் அந்தப் பள்ளியில் படித்தவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள், முடிந்தால் நீங்கள் எடுத்த படங்களையும் வரைபடத்தையும் கையில் கொண்டுபோய். "பழைய நினைவுகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்பார்கள். "ஐயா, மணி எங்கே தொங்கியது? தண்ணீர் எங்கே குடித்தீர்கள்? எந்த வகுப்பு எந்த அறை? ஆண்டு விழாவுக்கு மேடை எங்கே போடுவார்கள்?" என்று கேளுங்கள். இடத்தைப் பற்றிக் கேட்டால் ஆட்களும் வந்துவிடுவார்கள். யார் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், யாரை வெளியே உட்கார வைத்தார்கள், எந்தச் சாதிப் பிள்ளைகளுக்குத் தனிப் பானை இருந்தது என்பதும் சில நேரம் வரும். அதையும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வெளியிடுவதானால் மறுபடியும் கேளுங்கள்.

திருநெல்வேலி விபத்துக்குப் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க அரசு உத்தரவிட்டது, மாநிலம் முழுவதும் நிறையக் கட்டடங்கள் இடிந்தன. பிள்ளைகளின் உயிரைவிடப் பழைய சுவர் பெரிதில்லை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு நாள், நாலு படம், ஒரு வரைபடம் எடுத்து வைக்க ஆள் இல்லாமல் பல பள்ளிகள் போய்விட்டன. ஆகவே உங்கள் ஊரில் இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே கடிதத்தோடு போங்கள்.

எடுத்த படங்களை ஒரு பிரதி பள்ளிக்கு, ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு. பொதுவில் வைக்க விரும்பினால் விக்கிமீடியா காமன்ஸில் ஊர்ப் பெயர், எடுத்த தேதி, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்ற விவரங்களோடு ஏற்றலாம். தனுஷ்கோடி போல எல்லோரும் அறிந்த இடமாக இருந்தால் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சேர்ப்பதில் தவறில்லை. கதவு நிலையும் தேக்கு உத்திரமும் இன்னும் மிச்சமிருக்கும் பூட்டிய பள்ளி என்றால், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மரம் திருடுகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள்.